75 வாட்டுக்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு: பாதி மின்சாரம் எங்கே போகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "என்னிடம் இருப்பது சின்ன டெஸ்க்டாப். அதன் பவர் சப்ளையில் கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று தனி கேபிள் கிடையாது. கேபிள் இல்லாமலே ஓடும் குட்டைக் கார்டுகள் எல்லாம் 75 வாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. பெரிய கார்டுகளோ 170, 300 வாட் என்று கேட்கின்றன. அப்படியானால் குட்டைக் கார்டு கால்வாசி வேலைதானே செய்யும்? குறைந்த செலவில் ஒன்றை வாங்குவதில் அர்த்தம் உண்டா?"

மின்சாரம் பாதியானால் வேலையும் பாதியாகும் என்ற கணக்கு இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. விளக்குக்கும் ஹீட்டருக்கும் அது ஓரளவு பொருந்தும். சிப்புக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பது மின்னணுவியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று. கார்டு தேர்வுக்குப் போகுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் 75 எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் தரவிதிப்படி 12 வோல்ட் முனைகள் வழியாக 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட் வரை எடுக்கலாம். 3.3 வோல்ட் முனைகளில் இன்னொரு 10 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 75 வாட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி கேபிள் தேவை: 6 முனைக் கேபிள் 75 வாட் தரும், 8 முனைக் கேபிள் 150 வாட் தரும். இந்த எல்லையை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2016-ல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 ஸ்லாட்டிலிருந்து அளவுக்கு மீறி மின்சாரம் எடுப்பதைச் சோதனையாளர்கள் அளந்து காட்டியதும், அடுத்த மாதமே நிறுவனம் டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருளில்) திருத்தம் வெளியிட்டது.

இனி சிப்புக்குள் போவோம்.

சிப்பில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தைக் குழாய்போல் திறந்து மூடும் நுண்ணிய சுவிட்சுகள், பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வேலை செய்கின்றன. ஜோடியில் மேலே இருப்பது திறந்தால் கம்பி மின்வழங்கியோடு இணையும், அது '1'. கீழே இருப்பது திறந்தால் கம்பி தரையோடு இணையும், அது '0'. 1963-ல் ஃபிராங்க் வான்லாஸ் முன்வைத்த சிமாஸ் அமைப்பு இதுதான். அந்தக் கம்பியும் அது போய்ச் சேரும் அடுத்த டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் 'கேட்' முனையும் சேர்ந்து மிகச் சிறிய மின்தேக்கி ஆகின்றன, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் தொட்டி. '1' எழுதுவது என்றால் அந்த மின்தேக்கியை மின்னூட்டத்தால் நிரப்புவது. '0' எழுதுவது என்றால் நிரப்பியதைத் தரைக்குக் கொட்டிவிடுவது. நீங்கள் விளையாடும் விளையாட்டு, பார்க்கும் வீடியோ, எல்லாமே அடியில் இந்த நிரப்பலும் கொட்டலும்தான்.

மேல்நிலைத் தொட்டி ஒன்றிலிருந்து கீழே இருக்கும் வெற்றுத் தொட்டிக்குத் தண்ணீர் விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தொட்டியின் விளிம்பு, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைத் தொடும் அளவு உயரம். முதல் துளி முழு உயரத்திலிருந்து விழுகிறது. அதன் ஆற்றலெல்லாம் தெறித்துச் சிதறி வெப்பமாகிறது. கீழே நீர் ஏற ஏற விழும் உயரம் குறைகிறது. கடைசித் துளி விழுவதே இல்லை, மெல்ல வந்து சேர்ந்துகொள்கிறது. முதல் துளிக்கு முழு இழப்பு, கடைசித் துளிக்கு இழப்பே இல்லை. சராசரி சரியாகப் பாதி. மின்தேக்கியிலும் அப்படியே: மின்வழங்கி கொடுத்த ஆற்றலில் பாதி நிரம்பும்போதே வெப்பமாகிவிடுகிறது. மீதிப் பாதி மின்தேக்கியில் தங்கி, '0' எழுதும் நேரத்தில் தரைக்குப் போய் அதுவும் வெப்பமாகிறது.

கல்லூரியில் இதை முதன்முதலாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான் மூன்று முறை சரிபார்த்தேன். காரணம், இழப்புக்கான விடையில் கம்பியின் மின்தடையே இல்லை! தடிமனான செம்புக் கம்பி போட்டாலும் பாதி போகும், மெல்லிய கம்பி போட்டாலும் பாதி போகும். குழாயின் அகலம் தொட்டி நிரம்பும் நேரத்தை மாற்றுமே தவிர, துளிகள் விழும் உயரத்தை மாற்றாது. எவ்வளவு நல்ல உலோகம் கண்டுபிடித்தாலும், நிலையான மின்னழுத்தத்திலிருந்து நிரப்பும் வரை இந்தப் பாதியிலிருந்து தப்ப முடியாது.

இப்போது மின்னழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். மின்னழுத்தம் என்பது இந்தத் தொட்டிக் கதையில் உயரம். உயரம் குறைந்தால் ஒவ்வொரு துளியும் விழும் தூரம் குறைகிறது. நிரப்ப வேண்டிய துளிகளின் எண்ணிக்கையும் குறைகிறது. இரண்டு குறைவும் ஒன்றையொன்று பெருக்கும். அதனால்தான் ஒரு நிரப்பலுக்கான ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னழுத்தம் 20 சதவீதம் இறங்கினால் ஆற்றல் 36 சதவீதம் இறங்கிவிடும்.

கடிகார வேகமும் இதோடு பிணைந்திருக்கிறது. கடிகாரத்தின் அடுத்த துடிப்பு வருவதற்குள் தொட்டி நிரம்பியாக வேண்டும். டிரான்சிஸ்டர் திறப்பதற்கு ஒரு குறைந்தபட்ச மின்னழுத்தம் தேவை. அதற்கு மேல் எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவு வேகமாக அது பாயவிடும். ஆகவே வேகம் வேண்டுமா, மின்னழுத்தத்தை ஏற்று. வேகம் குறைவாகப் போதுமா, மின்னழுத்தத்தை இறக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக ஏறி இறங்குவதாக வைத்துக்கொண்டால், மின்சாரச் செலவு வேகத்தின் மும்மடியைப் பின்தொடரும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் செலவு 51 சதவீதமாக விழும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியை மிச்சம் பிடிக்கலாம். மிச்சம் பிடித்ததில் இன்னும் அத்தனை கோர்களை (கணக்கிடும் அலகுகளை) சேர்த்தால், அதே மின்சாரத்தில் 1.6 மடங்கு வேலை.

படம் வரைவது இதற்கென்றே பிறந்த வேலை. 1920க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை என்றால் 12 கோடிக்கு மேல். ஒரு புள்ளியின் நிறத்தைக் கணக்கிடுவது பெரும்பாலும் பக்கத்துப் புள்ளிக்காகக் காத்திருக்காது. எனவே சில வேகமான கைகளைவிட ஆயிரக்கணக்கான நிதானமான கைகள் இங்கே மேல்.

உண்மைக் கார்டில் பார்ப்போமா? என்விடியா 2021-ல் ஜிஏ106 என்ற ஒரே சிப் வடிவமைப்பை இரண்டு கார்டுகளில் வைத்தது. ஆர்டிஎக்ஸ் 3060-ல் 3584 கோர்கள், உச்ச வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ், 170 வாட். ஆர்டிஎக்ஸ் ஏ2000 கார்டில் 3328 கோர்கள், உச்ச வேகம் 1200 மெகாஹெர்ட்ஸ், 70 வாட். தனி கேபிள் இல்லை, குட்டைக் கார்டு. கோர்களையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் ஏ2000-ன் கணக்கிடும் திறன் 3060-ல் 63 சதவீதம். மின்சாரமோ 41 சதவீதம்தான். வாசகரின் கேள்விக்கு இதுவே பாதி விடை.

கூர்ந்து கணக்குப் போடுபவர்கள் இங்கே இடறுவார்கள். மும்மடி விதி முழுதாகப் பொருந்தியிருந்தால் 170 வாட் 50 வாட்டுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். 70-லேயே ஏன் நின்றுவிட்டது? நினைவகச் சிப்புகளுக்கும் விசிறிக்கும் ஆகும் செலவு அதில் இருக்கிறது. அதைவிட ஆழமான காரணம், மின்னழுத்தத்தை விருப்பம்போல் இறக்க முடியாது என்பது. இறக்கிக்கொண்டே போனால் டிரான்சிஸ்டர் திறப்பதற்கான குறைந்தபட்ச அளவை நெருங்கிவிடுவோம், வேகம் சரிந்துவிடும். அந்தக் குறைந்தபட்சத்தையும் சேர்த்து இறக்கலாமே என்றால், மூடிய டிரான்சிஸ்டர் கசியத் தொடங்கும். அறை வெப்பநிலையில் ஒவ்வொரு 60 மில்லிவோல்ட் குறைப்புக்கும் கசிவு 10 மடங்கு வரை கூடும். இது உற்பத்திக் குறைபாடு அல்ல. வெப்பத்தால் அலையும் எலக்ட்ரான்கள் தடையைத் தாண்டிக் குதிப்பதால் வருவது. போல்ட்ஸ்மன் விதி இதில் பேரம் பேசுவதில்லை. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட், டிரான்சிஸ்டரின் அளவையும் மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் சிப்பின் சூடு கூடாது என்று 1974-ல் காட்டியிருந்தார். அந்தப் பொற்காலம் 2005-ஐ ஒட்டி முடிந்ததற்கு இந்தக் கசிவே முக்கியக் காரணம். இன்றைய கிராஃபிக்ஸ் சிப்புகள் சுமார் 0.7 வோல்ட்டுக்கும் 1.1 வோல்ட்டுக்கும் இடையே உலவுகின்றன.

பாதி இழப்பிலிருந்து தப்ப முடியாது என்று சொன்னபோது "நிலையான மின்னழுத்தத்திலிருந்து" என்று ஒரு நிபந்தனை வைத்தேன், கவனித்தீர்களா? மேல்தொட்டியைக் கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்தோடு சேர்த்து மெல்ல மெல்ல உயர்த்தினால் எந்தத் துளியும் உயரத்திலிருந்து விழாது. எவ்வளவு நிதானமாக நிரப்புகிறோமோ அவ்வளவு குறைவாக இழப்போம். கொட்டுவதற்குப் பதில் அதே வழியில் இறக்கித் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். 1990-களிலேயே பல்கலைக்கழக ஆய்வகங்கள் இப்படிச் சுற்றுகளைச் செய்து காட்டியிருக்கின்றன. இயற்கை விதிக்கும் அடிமட்டம் இன்னும் எங்கோ கீழே இருக்கிறது: ஒரு பிட்டை அழிக்க எவ்வளவு ஆற்றல் குறைந்தபட்சம் வேண்டும் என்று 1961-ல் ரால்ஃப் லாண்டவர் கணக்கிட்டார், 2012-ல் அதைப் பரிசோதனையிலும் தொட்டுப் பார்த்தார்கள். அறை வெப்பநிலையில் அது ஒரு ஜூலின் கோடி கோடி கோடியில் மூன்று பங்கு. இந்தத் திசைக்கு ஆராய்ச்சிப் பணம் போதுமான அளவு போகவில்லை என்பது என் கருத்து. அடுத்த தலைமுறை சிப் தொழிற்சாலைக்குக் கொட்டுவதில் சிறு பங்கு இதற்கு வந்தாலும் போதும். உடனே விற்கும் பொருள் வராது என்பதற்காக ஓர் ஆய்வைப் பட்டினி போடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

சரி, வாசகரின் டெஸ்க்டாப்புக்கு வருவோம்.

75 வாட்டுக்குள் தேடும்போது பெயரை நம்பாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 2022-ல் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட். 2024-ல் வந்த 6 ஜிபி கார்டு 70 வாட். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. கோர்கள் 2560-லிருந்து 2304 ஆகவும், வேகம் 1777-லிருந்து 1470 மெகாஹெர்ட்ஸ் ஆகவும் குறைந்தன. மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இதைவிடக் கொடுமை ஜிடி 1030-ல் நடந்தது. 2017-ல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தபோது அது நொடிக்கு 48 ஜிபி தரவை நகர்த்தியது. மறு ஆண்டு டிடிஆர்4 நினைவகத்தோடு அதே பெயரில் வந்தது 17 ஜிபிகூட எட்டவில்லை. இரண்டிலும் அட்டைப்பெட்டியில் இருப்பது "2 ஜிபி" என்பதுதான். ஜிபி கூடினால் கார்டு வேகம் என்ற நம்பிக்கை சோதிடத்துக்குச் சமம். ஜிபி எவ்வளவு என்று பார்த்த கையோடு, நொடிக்கு எவ்வளவு நகர்த்தும் என்றும் பாருங்கள்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட். ஒற்றை ஸ்லாட் தடிமனிலேயே கிடைப்பதால் மிகக் குறுகிய பெட்டிகளுக்கு அது ஒரு வழி. ஆனால் அது மதர்போர்டோடு பேச நான்கு தடங்களை (தரவு போய்வரும் பாதைகளை) மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி; பழைய டெஸ்க்டாப்பின் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் சுமார் 4 ஜிபி. கார்டின் சொந்த நினைவகமோ நொடிக்கு 128 ஜிபி நகர்த்தும். விளையாட்டின் தரவு 4 ஜிபி நினைவகத்துக்குள் அடங்கும் வரை வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நிரம்பி வழிந்தால், வழிந்த பகுதி 30 மடங்கு குறுகலான வாசல் வழியே வந்து போக வேண்டும், படம் திக்கும். வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் வன்பொருளும் அதில் இல்லை. அந்த வேலைதான் முக்கியம் என்பவர்களுக்கு இன்டெலின் ஆர்க் ஏ380 நல்லது: ஏவி1 வடிவில் பதிவு செய்யும், 6 ஜிபி நினைவகம். ஆனால் மதர்போர்டின் பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில்) 'ரீசைசபிள் பார்' வசதி, அதாவது கார்டின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரே நேரத்தில் அணுகும் வசதி இல்லையென்றால் அதன் வேகம் பெரிதாக அடிபடும். அதனால் பழைய கணினிகளுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அளவு விஷயத்தில் இரண்டே பேச்சு. குட்டைக் கார்டின் உயரம் சுமார் 69 மில்லிமீட்டர், முழு உயரக் கார்டு 111. பெட்டியைத் திறந்து உயரம், நீளம், பக்கத்து ஸ்லாட் காலியா என்று அளந்துவிட்டு, கார்டோடு குட்டை உலோகப் பட்டை வருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விசிறியையும் கவனியுங்கள். ஒரே வடிவமுள்ள விசிறிகளில் காற்றின் அளவு விட்டத்தின் மும்மடியில் கூடும். 50 மில்லிமீட்டர் விசிறி, அதே சுழல் வேகத்தில், 90 மில்லிமீட்டர் விசிறி தள்ளும் காற்றில் ஆறில் ஒரு பங்கைத்தான் தள்ளும். ஈடுகட்ட வேகமாகச் சுழல வேண்டும். சுழற்சி இரட்டித்தால் சத்தம் சுமார் 15 டெசிபெல் ஏறும். இரண்டு கார்டுகளுக்கிடையே தயங்கினால் குறைந்த வாட்டும் தடித்த ஹீட்சிங்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) உள்ளதை எடுங்கள்.

கடைசியாக ஒன்றைப் பார்க்காமல் காசு கொடுத்துவிடாதீர்கள். சில சின்ன டெஸ்க்டாப்களில் ஸ்லாட் பார்க்க நீளமாக இருக்கும், ஆனால் முழு 75 வாட்டும் தராது. சிலவற்றில் நான்கு தடங்கள்தான் இணைக்கப்பட்டிருக்கும். கணினி மாடலின் தொழில்நுட்பக் கையேட்டில் ஸ்லாட்டின் வாட் அளவும் தடங்களின் எண்ணிக்கையும் எழுதியிருக்கும். அங்கே 75 என்று இருந்தால் 3050-ன் 6 ஜிபி கார்டு. குறைவாக இருந்தால், அந்த எண்ணுக்குள் அடங்கும் கார்டுகளில் மட்டும் தேடுங்கள்.