கட்டி எங்கே இருக்கிறது?

"கர்ப்பப்பையில் கட்டி" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பெண்களுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. அண்மையில் வந்த 31 வயதுப் பெண் மூன்று ஸ்கேன் அறிக்கைகளை மேசையில் வைத்தார். மூன்றிலும் 'ஃபைப்ராய்டு' என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கேட்டுவிட்டார்: "இந்தக் கட்டியால்தானே டாக்டர், மூன்று வருடமாக ஒன்றும் தங்கவில்லை?"

கட்டி 5 செ.மீ. இருந்தது. ஆனால் கர்ப்பப்பையின் வெளிப்புறத்தில். கணவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டேன். "அவனுக்கு என்ன குறை?" என்றார் மாமியார். பரிசோதனையில் குறை அங்கேதான் இருந்தது. கட்டியை நாங்கள் தொடவே இல்லை.

ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பைத் தசையிலிருந்தே முளைக்கும் நார்த்திசுக் கட்டி. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களால் வளர்கிறது. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்குகிறது. 50 வயதைத் தொடுவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒன்றாவது இருக்கும், பலருக்குத் தெரியாமலே. புற்றுநோயாக இருப்பது மிகமிக அரிது. குழந்தையின்மைக்கு இது ஒன்றே காரணமாக இருப்பதும் நூற்றில் இரண்டு, மூன்று பேரிடம்தான்.

அறிக்கையில் எல்லாரும் தேடுவது அளவை. நான் தேடுவது இடத்தை. கொல்லைப்புறத்தில் பெரிய உரல் கிடந்தாலும் வீட்டில் புழங்குவதற்குத் தடையில்லை. நடுக்கூடத்தில் சின்ன அம்மி கிடந்தாலே கால் இடறும். கர்ப்பப்பையின் வெளிப்புறம் வளரும் கட்டிகள் பொதுவாகக் கருத்தரிப்பைக் கெடுப்பதில்லை. உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருப்பவைதான் வில்லங்கம். அவை கரு ஒட்டவேண்டிய சவ்வின் தன்மையையும் இரத்த ஓட்டத்தையும் மாற்றுகின்றன; கருக்குழாயின் வாயருகே இருந்தால் வழியையே அடைக்கலாம். இரண்டு முறை கரு கலைந்து, மாதவிலக்கில் கட்டிகட்டியாக இரத்தம் போய், ஹீமோகுளோபின் 7 என்று வந்த ஒருவருக்கு இருந்தது வெறும் ஒன்றரை செ.மீ. கட்டி. "சின்னதுதான், விட்டுவிடலாம்" என்று முன்பே ஓரிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சுவருக்குள் புதைந்து, உள்ளறையைத் தொடாமல் இருப்பவற்றில்தான் எங்களுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. கருத்தரிக்கும் வாய்ப்பை அவை ஓரளவு குறைக்கலாம். ஆனால் அகற்றினால் வாய்ப்பு கூடும் என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது. இந்த வகையில் நான் அவசரப்பட்டுக் கத்தியை எடுப்பதில்லை.

இருக்கும் இடத்தை வைத்து 0 முதல் 8 வரை கட்டிகளுக்கு வகை எண் உண்டு. 0, 1, 2 என்றால் உள்ளறைக் கட்டி. உங்கள் அறிக்கையில் அளவு மட்டும் இருந்தால், "உள்ளறையை அழுத்துகிறதா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஐயமிருந்தால் கர்ப்பப்பைக்குள் உப்புநீர் செலுத்திச் செய்யும் ஸ்கேன் தெளிவாகக் காட்டிவிடும்.

உள்ளறைக் கட்டியை வயிற்றில் கீறல் இல்லாமல், பிறப்புறுப்பு வழியே ஹிஸ்டரோஸ்கோப்பி கருவியைச் செலுத்திப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். சுவரில் உள்ளதற்கு லேப்ராஸ்கோப்பி என்னும் சிறுதுளை அறுவை அல்லது வயிற்றைத் திறந்து அறுவை. தையல் ஆற மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 38 வயதில் இருப்பவருக்கு அந்த ஆறு மாதம் சிறிய விலையல்ல. மருந்திலேயே கரைத்துவிட முடியாதா என்று கேட்பார்கள். கட்டியைச் சுருக்கும் ஊசி உண்டு. ஆனால் அதன் பிடியில் இருக்கும்வரை கருமுட்டை வெளிவராது. நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும். அறுவைக்கு முன் சில மாதங்களுக்கு மட்டுமே அது பயன்படும்.

கட்டியோடு கருவுற்றவர்களில் பெரும்பாலோர் சிக்கலின்றிப் பிள்ளை பெறுகிறார்கள். சிலருக்கு இடையில் கடும் வயிற்றுவலி வரும். சிலருக்குக் குழந்தை குறுக்கே கிடக்கும்.

அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது ஒன்றை எழுதி வாங்குங்கள்: உள்ளறை திறக்கப்பட்டதா, தையல் எவ்வளவு ஆழம்? பிரசவ வலியில் தையல் பிரியும் ஆபத்து உண்டா, சிசேரியன்தான் வேண்டுமா என்பதைப் பிரசவம் பார்ப்பவர் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் முடிவு செய்வார். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்கள் பலர் அதைக் கணவர் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.