சுகாதார நெருக்கடியில் தலைவர் மறைத்தால்: எந்தக் கதவை, எந்த வரிசையில் தட்டுவது

மேடையில் சொல்லும் பொய்க்கு மலேசியாவில் தனியாக ஒரு தண்டனை கிடையாது. "நம்ம தோட்டத்துல டெங்கி எல்லாம் இல்ல, எல்லாம் கட்டுக்குள்ள இருக்கு" என்று மக்கள் பிரதிநிதி ஒருவர் கோவில் திருவிழாவில் மைக் பிடித்துச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது முழுப் பொய்யாக இருந்தாலும், அந்தப் பேச்சுக்காக மட்டும் அவரைக் கோர்ட்டில் நிறுத்துவது கடினம். அதே பேச்சைச் சுகாதார அதிகாரி எழுத்தில் கேட்டபோதோ, ஊழல் தடுப்பு ஆணைய விசாரணையிலோ, நாடாளுமன்ற அவைக்குள்ளோ, சத்தியம் செய்த சாட்சியாகவோ சொன்னால் நிலைமை மாறிவிடும். அங்கெல்லாம் பொய்க்கு விலை உண்டு. ஆகவே மக்கள் செய்ய வேண்டியது கேள்வியை மேடையிலிருந்து இறக்கி, உண்மையைச் சொல்லியே ஆக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவது.

இந்த விளக்கம் பெஸ்தாரி ஜெயா, அதாவது நம்மில் பலர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சிலாங்கூருக்கு மட்டும் பொருந்துவது எது, நாடு முழுக்கப் பொருந்துவது எது என்பதை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

2020-இல் நடந்த இரண்டு வழக்குகள்

முதலில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோவிட் பரவலைத் தடுக்கப் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை கடுமையாக இருந்த ஏப்ரல் 2020-இல், அப்போதைய சுகாதாரத் துணையமைச்சர் டாக்டர் நோர் அஸ்மி கசாலியும் பேராக் ஆட்சிக்குழு உறுப்பினர் ரஸ்மான் சக்காரியாவும் லெங்கோங்கில் ஒரு சமயப் பள்ளியில் கூடிச் சாப்பிட்டார்கள். படங்கள் ஃபேஸ்புக்கில் வந்தன. கிரிக் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஆளுக்கு 1,000 ரிங்கிட் அபராதம் கட்டினார்கள். இடம், நாள், முகம் மூன்றும் படத்திலேயே இருந்ததால் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது வழக்கு தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சராக இருந்த கைருடின் அமான் ரசாலி சம்பந்தப்பட்டது. ஜூலை 2020-இல் துருக்கியிலிருந்து திரும்பியவர் வீட்டில் தனிமைப்படுத்திக்கொள்ளாமல் நிகழ்ச்சிகளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனார். ஆகஸ்டில் எதிர்க்கட்சியினர் அவையில் இதைக் கிளப்பிய பிறகுதான் வெளியே தெரிந்தது. சுகாதார அமைச்சு 1,000 ரிங்கிட் அபராதம் விதித்திருந்தது. ஆனால் அக்டோபரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் மேல் நடவடிக்கை இல்லை என்று அறிவித்தது. விமான நிலையத்தில் அவருக்கு வீட்டுக் கண்காணிப்பு ஆணை எழுத்தில் கொடுக்கப்படவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். கையில் ஆணை கொடுக்கப்படாதவர் அதை மீறினார் என்று வழக்கு நடத்த முடியாது.

அப்போது சாதாரணக் குடும்பங்கள் காம்பவுன், அதாவது அபராதம், கட்ட அலைந்துகொண்டிருந்தன. இந்த முடிவைக் கேட்டு மக்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் ஒன்று இருக்கிறது. முதல் வழக்கு ஆதாரப் படத்தால் நின்றது; இரண்டாவது, கையில் கொடுக்காத ஒரு தாளால் விழுந்தது.

தொற்றுநோய் என்றால் முதல் கடிதம் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு

1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 342, நாடு முழுக்கப் பொருந்தும். அதன் 10-ஆவது பிரிவின்படி, தொற்றுநோய் கண்ட மருத்துவர் தாமதிக்காமல் அறிவிக்க வேண்டும். டெங்கி, காலரா, உணவு நஞ்சு போன்றவற்றை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் இடத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும்கூட இந்தக் கடமை உண்டு. 22-ஆவது பிரிவு, அதிகாரி கேட்ட தகவலைத் தர மறுப்பதையும் பொய்த் தகவல் தருவதையும் குற்றமாக்குகிறது. கேட்கப்படுபவர் தோட்ட நிர்வாகியா, யாங் பெர்ஹோர்மாட் என்று அழைக்கப்படும் மக்கள் பிரதிநிதியா என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை.

எனவே "ஏன் மறைக்கிறீங்க?" என்று தலைவரிடம் கத்துவதைவிட, கோல சிலாங்கூர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுவது பலமானது. மலாயில் எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), வீட்டு எண், யாருக்கு என்றிலிருந்து காய்ச்சல், எந்தக் கிளினிக், என்றைக்கு ரத்தம் எடுத்தார்கள் என்பதையெல்லாம் தேதி வரிசையில் போடுங்கள். "பல பேருக்குக் காய்ச்சல்" என்று எழுதினால் அது வதந்திபோல் படிக்கப்படும். "3-ஆவது லயத்தில் நான்கு வீடுகள், ஆறு பேர்" என்று எழுதினால் அதிகாரி ஆள் அனுப்பியாக வேண்டும். நோயாளியின் அடையாள அட்டை எண்ணை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்காதீர்கள். கடைசியில் இரண்டே கேள்விகள் போதும்: இந்த முகவரியில் பதிவான நோய் அறிவிப்புகள் உண்டா? உண்டென்றால் எந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?

இரண்டு பிரதி எடுத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் "தெரிமா" (பெற்றுக்கொண்டோம்) முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கவுண்டரில் முத்திரை இல்லை என்றால் பதிவுத் தபால். பதில் வராமல் இழுத்தால் பொதுப் புகார் பிரிவின் சிஸ்பா இணையத்தளத்தில் அதே கடிதத்தை ஏற்றிப் புகார் எண் வாங்கலாம். எண் இல்லாத புகாருக்குத் தொடர்ச்சி இருக்காது. யாரிடம் பேசினாலும் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.

சிலாங்கூரில் இன்னொரு வழி

சிலாங்கூருக்கு 2011-ஆம் ஆண்டிலிருந்து தகவல் சுதந்திரச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாநில இலாகாக்களிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் ஆவணம் கேட்க அது உரிமை தருகிறது. கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகமும் அதில் அடங்கும். குப்பை எடுக்கும் அட்டவணை, கால்வாய் துப்புரவுக்குக் கொடுத்த வேலை ஆணை, கொசு மருந்து அடித்த பதிவு இவற்றையெல்லாம் பெயர் சொல்லிக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

இங்கே மூன்று இடத்தில் விண்ணப்பம் விழுகிறது. ஒன்று, மருத்துவமனை, கிளினிக், மாவட்டச் சுகாதார அலுவலகம் எல்லாம் மத்திய அரசின் கீழ் வருபவை. மாநிலச் சட்டம் அவற்றைத் தொடாது. இரண்டு, "டெங்கி பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்பது. எந்த ஆவணம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று குறுக்கிக் கேளுங்கள். மூன்று, விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும், கிடைத்த தகவலை அந்தக் காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், மீறுவது குற்றம். ஆகவே காரணத்தை யோசித்து எழுதுங்கள். "குடியிருப்பாளர் கூட்டத்தில் விவாதிக்கவும் சம்பந்தப்பட்ட இலாகாக்களுக்குப் புகார் கொடுக்கவும்" என்பது போன்ற வாசகம் கைகொடுக்கும். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு மாநிலத் தகவல் வாரியம் இருக்கிறது.

உள்ளே வேலை செய்பவர்கள் வாய் திறப்பதற்கு முன்

மறைப்பு முதலில் தெரியவருவது தோட்ட டிரெஸ்ஸருக்கு (மருத்துவ உதவியாளர்), ஆபீஸ் கிராணிக்கு (எழுத்தர்), குத்தகைக் கம்பெனி லோரி ஓட்டுநருக்கு. இவர்களுக்காக இருப்பது 2010-ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 711. தனியார் ஊழியர்களுக்கும் இது உண்டு. பெயர் ரகசியம், வழக்கிலிருந்து விலக்கு, வேலை நீக்கம் போன்ற பழிவாங்கலிலிருந்து காப்பு ஆகிய மூன்றையும் தருகிறது. தகவல் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிட்டால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது பத்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு, போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்கத் துறையிடம் சொன்னால்தான் கிடைக்கும். பத்திரிகை, கட்சிக் கிளைத் தலைவர், வாட்ஸ்அப் குழு, ஃபேஸ்புக் நேரலை எதுவும் அமலாக்கத் துறை ஆகாது. அரசியல்வாதி ரஃபிஸி ரம்லியின் வழக்கே இதற்குச் சாட்சி. 2012-இல் மாட்டுப் பண்ணைத் திட்டம் சம்பந்தமான வங்கி விவரங்களைச் செய்தியாளர் கூட்டத்தில் வெளியிட்டார். 2018-இல் 30 மாதச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2019-இல்தான் விடுபட்டார். ஓர் அரசியல்வாதிக்கே அத்தனை ஆண்டு அலைச்சல் என்றால், மாதச் சம்பளத்தில் இருக்கும் கிராணி அதைத் தாங்க முடியாது.

ஆகவே முதலில் அமலாக்கத் துறை. வாக்குமூலம் கொடுக்கும்போதே "சட்டம் 711-இன் கீழ்ப் பாதுகாப்பு கேட்கிறேன்" என்று எழுத்தில் பதிய வையுங்கள். அரசாங்கக் கொள்கையின் நன்மை தீமையை விமர்சிப்பதுபோல் புகாரை எழுதாதீர்கள். பாதுகாப்பை ரத்துசெய்ய அது ஒரு காரணமாகலாம். "ஊரடங்கே தவறு" என்பது கொள்கை விமர்சனம். "மருந்து அடிக்காத நாளுக்கு அடித்ததாகக் கையெழுத்துப் போட்டார்கள்" என்பது தகவல். நீங்களே அதில் பங்கெடுத்திருந்தாலும் பாதுகாப்பு பறிபோகலாம் என்பதால் அப்படிப்பட்டவர்கள் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. நாடாளுமன்றம் 2025-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தியது; ஆகவே பழைய துண்டறிக்கையை நம்பாமல், அப்போது அமலில் உள்ள வாசகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"ரஹ்சியா", "சூலிட்", "தெர்ஹாட்" என்று அரசாங்க ரகசிய முத்திரை குத்திய தாளைப் படம் பிடிக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை. அப்படியொரு தாள் இருக்கிறது, இன்ன அறையில் இருக்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் சொன்னால் போதும். எடுப்பது அவர் வேலை.

பண விவகாரம் என்றால், உணவுக் கூடை கொடுத்ததாகப் பொய்க் கணக்கு, செய்யாத துப்புரவுக்குப் பட்டுவாடா போன்றவை, நேராக ஊழல் தடுப்பு ஆணையத்துக்குப் போக வேண்டும். இலவச எண் 1-800-88-6000. அங்கே பொய்ச் சொல்வதற்குத் தண்டனை கனமானது: 100,000 ரிங்கிட் வரை, அல்லது பத்தாண்டு வரை, அல்லது இரண்டும். அது விசாரிக்கப்படும் தலைவருக்கும் பொருந்தும், புகார் கொடுக்கும் உங்களுக்கும் பொருந்தும். பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்லுங்கள்.

வாக்குமூலம் எடுக்கும் அறையில்

போலீஸ் உங்களைச் சாட்சியாக அழைத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவுதான் பொருந்தும். உண்மை சொல்லக் கடமை உண்டு. உங்களையே குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையும் உண்டு. நம் மக்கள் சறுக்குவது மொழியில். தமிழில் சொல்கிறார்கள், அதிகாரி மலாயில் தட்டச்சு செய்கிறார், முடிந்ததும் "சைன் பண்ணுங்க" என்றால் போட்டுவிடுகிறார்கள். "மேனேஜர் சொன்னதாகக் கிராணி சொன்னார்" என்பது தாளில் "மேனேஜர் சொன்னார்" என்று மாறியிருக்கும். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுச் சாட்சியையும் உடைத்துவிடுவார்.

நீங்கள் பேசிய மொழியிலேயே வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும், திருத்த வாய்ப்புத் தர வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள். தப்பான வரியை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, அப்புறம் கையெழுத்து. இதற்கு எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும். புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

ஆதாரம் கைப்பேசியில் இருந்தால் அந்தக் கைப்பேசியைப் பத்திரமாக வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு பழைய போனைக் கடையில் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மூலச் செய்தி போய்விட்டால் அது ஜோடிக்கப்பட்டது என்ற வாதத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

மேல்மட்டத்தில்

உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக அமைச்சருக்கு எழுத்துப்பூர்வக் கேள்வி போடலாம். பதில் அவைப் பதிவில் ஏறும். அவையைத் தவறாக வழிநடத்தும் கூற்று அவமதிப்பாகும் என்று நாடாளுமன்ற விதி 36(12) சொல்கிறது. அப்படிச் சொன்ன உறுப்பினரை அவையின் உரிமைக் குழுவுக்கு அனுப்பலாம். தீர்மானம் பெரும்பான்மையைப் பொறுத்தது என்பதால் ஆளும் தரப்பினர்மீது இது அரிதாகவே பாயும். என்றாலும் அந்தப் பதிவு அழிவதில்லை.

பணம் செலவான விதத்தைத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையும் பொதுக் கணக்குக் குழுவும் பார்க்கின்றன. கோவிட் காலத்தில் வாங்கிய 136 சுவாசக் கருவிகளில் 28 மட்டுமே பயன்படுத்தும் நிலையில் இருந்தன என்பது இப்படித்தான் வெளியே வந்தது. மூச்சுக்குப் போராடிய நோயாளிகள் வார்டுகளில் நிரம்பிக் கிடந்த காலத்தில் வாங்கியவை அவை.

அரச விசாரணை ஆணையம் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாமன்னர் அமைப்பது. சாட்சிகளை வரவழைத்துச் சத்தியத்தின் பேரில் விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் யார்மீதும் தண்டனை விதிக்காது, அறிக்கையை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆணையம் கேட்டு மனு எழுதுகிறவர்கள் "அறிக்கை பொதுவில் வெளியிடப்பட வேண்டும்" என்ற வரியை மனுவிலேயே சேர்க்க வேண்டும்.

காலக்கெடு

அரசு அதிகாரியின் கடமைத் தவறால் உயிரோ உடல்நலமோ பாதிக்கப்பட்டு சிவில் வழக்குப் போடுவதென்றால், 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதங்களுக்குள் போட வேண்டும். "விசாரணை நடக்குது, முடியட்டும்" என்று யாராவது சொல்வதை நம்பிக் காத்திருந்தால் இந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். குடும்பத்தில் இறப்பு நேர்ந்திருந்தால் இறப்புச் சான்றிதழையும் மருத்துவ அறிக்கையையும் உடனே விண்ணப்பித்து வாங்குங்கள்; மருத்துவ அறிக்கை கைக்கு வரவே மாதக்கணக்கில் ஆகலாம். வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லாதவர்கள் முதலில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திடம் கேட்கலாம். போகும்போது முத்திரை விழுந்த கடிதப் பிரதி, சிஸ்பா எண், போலீஸ் புகார் எண் மூன்றையும் ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள்.