தொகுசுற்று: கம்பி மறைந்த இடத்தில் ஒரு சொல்

அண்மையில் பார்த்த ஓர் அறிவியல் காணொலியின் தமிழ் விளக்கவுரையில் 'ஒருங்கிணைக்கப்பட்ட மின்சுற்று' என்பதைப் பன்னிரண்டு முறை கேட்டேன். எரிச்சல் தாங்கவில்லை. அவர்கள் சொல்ல வந்தது 'இன்டகிரேட்டட் சர்க்யூட்' (ஐ.சி.): டிரான்சிஸ்டர், மின்தடை போன்ற உறுப்புகள் எல்லாம் ஒரே குறைகடத்தித் துண்டில் உருவான மின்சுற்று. அதைத் 'தொகுசுற்று' என்பதே சரி என்பேன்.

'இன்டகிரேட்டட்' என்பதன் வேர் இலத்தீனின் 'இன்டெகர்'. பொருள்: பின்னப்படாதது, முழுமையானது. இந்த முழுமையைத்தான் 'ஒருங்கிணைந்த' கெடுக்கிறது. இணைந்தவை தம் தனித்தன்மையை இழப்பதில்லை. ரயில் பெட்டிகள் இணைகின்றன, பெட்டிகளாகவே இருக்கின்றன. டிரான்சிஸ்டரையும் மின்தடையையும் வாங்கி வந்து ஒரு பலகையில் பற்றவைத்தாலும் அது ஒருங்கிணைந்த மின்சுற்றுதான்! எதிலிருந்து வேறுபடுத்தப் பெயர் வைத்தோமோ, அதையே அந்தப் பெயர் குறித்துவிடுகிறது.

இந்தக் கருவியின் வரலாறே கம்பியை ஒழித்த வரலாறு. இணைப்புக் கம்பியே இல்லாத திண்மக் கட்டியாக மின்னணுக் கருவி அமையலாம் என்று 1952இல் சொன்னவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஜெஃப்ரி டம்மர். 1958 செப்டம்பர் 12 அன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி, ஜெர்மானியம் என்ற குறைகடத்தியின் ஒரே துண்டில் சுற்றை இயக்கிக் காட்டினார். ஆனால் அதன்மேல் மெல்லிய பொன்கம்பிகள் வளைந்து நின்றன. அதை வேண்டுமானால் 'ஒருங்கிணைந்த' என்று சொல்லிக்கொள்ளுங்கள். 1959இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ராபர்ட் நாய்ஸ், சிலிக்கானை மூடிய ஆக்சைடு படலத்தின்மேல் உலோகத் தடங்களைப் படியவைக்கும் வழியைக் கண்டார். சுற்றுக்குள் தனிக் கம்பிகளுக்கு வேலை இல்லாமல் போனது.

இப்போது 'தொகு' என்ற வேரைப் பாருங்கள். உருபு இடையில் மறைய, சொற்கள் ஒருமொழிபோல் நடப்பதை நன்னூல் 'தொகை' என்கிறது. 'பொன்னால் ஆகிய குடம்' 'பொற்குடம்' ஆகும்போது 'ஆல் ஆகிய' கண்ணுக்குத் தெரிவதில்லை. பொருள் அறுபடுவதும் இல்லை. கம்பி மறைந்து, சுற்று ஒரே பொருளாய் நடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் கிடைக்கும்? விரித்தலுக்கு எதிரான சுருக்கமும் அதே வேரில் இருக்கிறது. 'தொகுசுற்று' என்பதே காலம் கரந்த வினைத்தொகை.

'தொகுப்புச் சுற்று' என்பாரும் உண்டு. தொகுப்பு என்றதும் கவிதைத் தொகுப்புபோல் பலவற்றைத் திரட்டியதே நினைவுக்கு வருகிறது, எனக்கு உடன்பாடில்லை. 'சில்லு' நல்ல சொல்தான். ஆனால் அது வெட்டியெடுத்த துண்டைச் சொல்கிறது, அதற்குள் இருக்கும் சுற்றைச் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். குழுவுக்கும் ஒருங்கிணைப்பு, திட்டத்துக்கும் ஒருங்கிணைப்பு, சிலிக்கானுக்கும் ஒருங்கிணைப்பு! அந்தக் கருவியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் 'இணை' என்று எழுதக் கை வந்திருக்காது.