வசூல்: கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு

மாநகராட்சியின் சொத்து வரிக் கணக்கைத் திறந்தால் மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கும்: கேட்பு, வசூல், நிலுவை. கேட்பும் நிலுவையும் தமிழ். நடுவில் உள்ள வசூல் அரபு. மூலத்தில் அது ‘வுஸூல்’. வந்து சேர்தல் என்று பொருள். பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தில், கருவூலத்துக்கு வந்து சேர்ந்த பணத்தைக் குறிக்கும் கணக்குச் சொல்லாகி, அங்கிருந்து நம் வருவாய்க் கணக்குகளுக்குள் நுழைந்தது. கிஸ்தி, பாக்கி, ஜப்தி எல்லாம் அதே தடத்தில் வந்தவைதாம். தாசில்தாரில் உள்ள ‘தாசில்’ என்பதற்கும் வரி திரட்டுதல் என்றே பொருள்.

ரசீது பாரசீகச் சொல். ‘ரஸீத்’ என்றால் ‘வந்து சேர்ந்தது’. வரி கட்டியதும் கையில் தரும் சீட்டு, உங்கள் பணம் எங்களிடம் வந்துவிட்டது என்று அலுவலகம் எழுதிக் கொடுக்கும் ஒப்புதல். ஆக, வசூலும் ரசீதும் இரு வேறு மொழிகளில் பிறந்து ஒரே செய்தியைச் சொல்கின்றன. அந்தச் செய்தி வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நகர நிதியில் குழப்பம் தொடங்குவதே கேட்டதையும் வந்ததையும் ஒன்றாக எண்ணுகிற இடத்தில்தான்.

கேட்பு என்பது இந்த அரையாண்டுக்கு நீங்கள் இவ்வளவு கட்ட வேண்டும் என்று அலுவலகம் விதித்த தொகை. பேச்சில் ‘டிமாண்ட்’. அதில் நடப்புக் கேட்பு, நிலுவைக் கேட்பு என்று இரண்டு உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். ஒரு நகரத்தின் நடப்புக் கேட்பு 100 கோடி, பழைய நிலுவை 60 கோடி. ஆண்டு முடிவில் வந்தது 80 கோடி. அதில் 30 கோடி பழைய நிலுவைக்கு வரவு வைக்கப்பட்டது. வந்த 80ஐ நடப்புக் கேட்பான 100ஓடு மட்டும் ஒப்பிட்டால் ‘80 சதவீத வசூல்’ என்று அறிவித்துவிடலாம். மொத்தக் கேட்பு 160. அதோடு ஒப்பிட்டால் 50 சதவீதம். நடப்பு ஆண்டுக்கான வரியில் வந்தது 50 கோடி, அதுவும் பாதிதான். வசூல் சதவீதம் என்று யார் சொன்னாலும், எதில் இத்தனை சதவீதம் என்று கேட்காமல் நகரக் கூடாது.

2004இல் வெளியான தேசிய நகராட்சிக் கணக்குக் கையேட்டின் முறைப்படி, கேட்பு எழுந்த உடனேயே அது வருமானமாகப் பதிவாகும். பணம் வரவேண்டும் என்ற அவசியம் இல்லை. முறை சரியானதே, நகரத்துக்கு யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அப்போதுதான் ஏட்டில் ஏறும். ஆனால் வராது போகக்கூடிய பழைய நிலுவைக்குத் தக்க ஒதுக்கீட்டைக் கழித்துக் காட்ட வேண்டும். கழிக்காவிட்டால் ஏட்டில் வருமானம் இருக்கும், துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போட வங்கியில் பணம் இருக்காது. தமிழ்நாட்டில் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் சொத்து வரி கட்டுவோருக்கு 5 சதவீதம், அதிக அளவாக 5,000 ரூபாய், ஊக்கத்தொகை தருவதற்கும் இதுவே காரணம். பணம் வருவது போலவே எப்போது வருகிறது என்பதும் முக்கியம்.

சரி, தமிழில் எதைச் சொல்வது? முதலில் நினைவுக்கு வருவது தண்டல். தண்டுதல் என்றால் வரி திரட்டுதல், பழைய வினை. பில் கலெக்டர் என்று தெருவில் அழைக்கப்படுபவருக்கு அரசாணைத் தமிழில் வரித் தண்டலர் என்று பெயர். ஆனால் சென்னையில் தண்டல் என்றால் தினமும் வந்து வாங்கிக்கொண்டு போகும் வட்டிக் கடன்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வசூலுக்கும் ‘வசூல் வேட்டை’ என்ற கெட்ட பெயர் உண்டு. ஈழத்தில் அறவிடுதல், அறவீடு என்பார்கள். சொத்து வரியே அங்கே சோலைவரி, ஆதனவரி. அறவீடு இங்கேயும் பழகத் தக்க சொல்.

இவை எல்லாம் வாங்கும் செயலைக் குறிப்பவை. வந்து சேர்ந்த தொகைக்கு, வசூலின் மூலப்பொருளோடு அப்படியே பொருந்தும் சொல் நம்மிடமே இருக்கிறது: வரவு. வருவது வரவு, செல்வது செலவு. சங்கத் தமிழில் செலவு என்பது பயணம். தலைவன் பிரிந்துபோகத் தயங்குவதைச் செலவழுங்கல் என்றார்கள். ஆகவே என் பரிந்துரை இது: செயலுக்குத் தண்டல் அல்லது அறவீடு, கைக்கு வந்த தொகைக்கு மட்டும் வரவு. இன்னும் வராததை எதிர்பார்ப்பு என்றே எழுதலாம். வரவு செலவுத் திட்டத்தில் சென்ற ஆண்டின் உண்மைத் தொகை, நடப்பு ஆண்டின் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று பத்திகள் இருக்கும். உண்மைத் தொகை உள்ள பத்தியே வரவு. சென்ற ஆண்டு வந்ததைவிட வரும் ஆண்டு மதிப்பீடு மிக உயர்ந்திருந்தால், எந்த வழியில் வரும் என்று மன்ற உறுப்பினர் கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்பது நமக்குப் புதிதும் அல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையில் பெயர் எழுதப்பட, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும். ஊர்ச் சபையின் வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவருக்குத் தகுதி இல்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. இன்று அந்த வேலையை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை செய்கிறது. அரசியலமைப்பின் 243இசட் பிரிவு நகராட்சிக் கணக்குத் தணிக்கைக்குச் சட்டம் இயற்ற இடம் தருகிறது. தணிக்கை அறிக்கையை மன்றத்தில் பொறுமையாக விவாதிக்க வேண்டும்.

வரவு என்ற சொல்லை இறுக்கமாகப் பிடித்தால் இன்னொன்றும் தெளியும். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் அதற்கு அடிப்படை. அது மாநகராட்சியின் வரவு அல்ல. நூலக ஆணைக்குழுவுக்காக வாங்கி, அங்கே கொண்டுசேர்க்க வேண்டிய பணம். நூலக வரியாக வாங்கியது எவ்வளவு, ஆணைக்குழுவிடம் செலுத்தியது எவ்வளவு என்ற இரண்டு எண்களும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரே பக்கத்தில், அருகருகே அச்சாக வேண்டும்.