கழிமுகத்தைக் கொல்வது உப்பு அல்ல, தேக்கம்

பிச்சாவரத்துக்கு மாணவர்களைக் கூட்டிப்போனால், படகு கால்வாய்க்குள் திரும்பியதும் ஒருவராவது மூக்கைப் பொத்திக்கொண்டு "சாக்கடை கலக்குதா சார்?" என்று கேட்டுவிடுவார். அந்த வாடைக்குச் சாக்கடை தேவையில்லை. சேற்றுக்குள் காற்று புகாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் கடல்நீரிலுள்ள சல்பேட்டை வைத்துப் பிழைக்கின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை மாதிரி நாறுகிறது.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இரண்டு முகத்துவாரங்களுக்கு நடுவே இருக்கிறது பிச்சாவரத்தின் இந்த அலையாத்திக் காடு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் கழிமுகமும் ஏறக்குறைய அதே கரிப்புக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுவெள்ளம் இறங்கினால் நல்ல தண்ணீராகிவிடும். இதற்கிடையில் கடல்நீர் ஓதமாக ஏறி இறங்கும்போதெல்லாம் கரிப்பு மாறுவது தனிக் கணக்கு.

இதில் மடவை மீன் எப்படிப் பிழைக்கிறது? கடல்நீரில் இருக்கும்போது அதன் உடம்பிலுள்ள நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால் உப்புநீரையே குடித்து, மிஞ்சும் உப்பைச் செவுள் வழியாகத் தள்ளிவிடுகிறது. வெள்ளநீர் வந்ததும் எல்லாம் தலைகீழ். தண்ணீர் தானாக உடம்புக்குள் ஏறும். மீன் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு சிறுநீரை நிறைய விடுகிறது. உப்பை வெளியே தள்ளிய அதே செவுள் இப்போது உப்பை உள்ளே இழுக்கிறது. வெள்ளை இறாலின் வழி வேறு. அது கடலில் முட்டையிடும், குஞ்சுகள் கழிமுகத்துக்கு வந்து வளர்ந்து, பிறகு கடலுக்கே திரும்பும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இறால் வரத்து குறையும் என்பதை வலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரங்களால் நகர முடியாதே! வெண்கண்டல் இலையை வெயில் நேரத்தில் பறித்துப் பாருங்கள், உப்புப் பொடி படிந்திருக்கும். நக்கினால் கரிக்கும். வேர் உள்ளே விட்ட உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. அதன் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து செங்குத்தாக மேலே நீட்டி நிற்கும். அவற்றைப் பிளாஸ்டிக்கோ மண்ணோ மூடிவிட்டால் மரத்துக்கு மூச்சு முட்டும். சுரபுன்னையோ பெரும்பாலான உப்பை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்கும்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் பிச்சாவரத்தில் காடு பரப்புப் பரப்பாக அழிந்தது. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் வனத்துறையின் முறைப்படியே கூறு கூறாக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. உள்ளே வந்த ஓதநீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, மண்ணின் உப்பு கடலையும் மிஞ்சியது. அப்புறம் அங்கே வெண்கண்டல்கூட முளைக்கவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்த முதல் வேலை, வாய்க்கால் வெட்டியதுதான். இயற்கைக் கால்வாயிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் மீன்முள் வடிவில் கிளைகள். ஓதம் உள்ளே போய் வெளியே வரத் தொடங்கியதும் மண் கழுவப்பட்டு உப்பு இறங்கியது. கன்றுகளை வாய்க்கால் சரிவில் நட்டார்கள். காடு திரும்பியது.

இப்போது அலையாத்தி நடும் விழாக்கள் நிறைய நடக்கின்றன. நல்ல விஷயம்தான், ஆனால் பலர் இடம் பார்ப்பதில்லை. வெறும் சேற்றுவெளியைத் தரிசு என்று நினைத்து நடுகிறார்கள். உள்ளான்களும் மற்ற கரைப்பறவைகளும் புழுவும் நண்டும் பொறுக்கும் இடம் அது, காலியாக இருப்பதாலேயே அவற்றுக்குப் பயன்படுகிறது. உங்கள் ஊரில் யாராவது கன்றுகளோடு வந்தால், முதலில் அங்கே மீன் பிடிக்கிறவரைக் கேளுங்கள்: ஓதம் இதுவரை ஏறுகிறதா, ஏறினால் எவ்வழியே வடிகிறது, முன்பு இங்கே மரம் இருந்ததா? வடிய வழி இல்லை என்றால் கன்றைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுக்கச் சொல்லுங்கள்.