அது தேங்கா துருவுனதுல வந்த வலி இல்ல

நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சியில சின்னதா ஒரு கிளினிக், பதினேழு வருஷமா நடத்துறேன். முட்டிவலி, இடுப்புவலி, பக்கவாதம் வந்து கை தூக்க முடியாதவங்கன்னுதான் என் பொழுது போகும். நடுவுல யாராவது "நான் எழுத்தாளர்"னு சொல்லிக்கிட்டு கழுத்தைப் பிடிச்சுட்டு வந்தா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சிரிப்பு வரும், ஒளிக்காம சொல்லிடறேன். மூட்டை தூக்குறவருக்கு கழுத்து பிடிச்சா நியாயம், ஃபேனுக்கு அடியில உக்காந்து கதை எழுதுறவருக்கு என்ன கேடுன்னு தோணும். "ரெண்டு வாரம் எழுதாதீங்க"ன்னு சொல்லி அனுப்பிடுவேன். மூடு வந்தா எழுதுவாங்க வரலைன்னா காபி குடிப்பாங்க, ரெண்டு வாரம் மூடு வராம இருந்தா என்ன குடி முழுகிடும்னு நெனப்பு.

2020 லாக்டவுன்ல கிளினிக்க மூடிட்டு வீட்ல கிடந்தப்ப நானே ஆன்லைன்ல ஒரு தொடர்கதை ஆரம்பிச்சேன். லேப்டாப் பையனோட க்ளாஸுக்குப் போயிடும், அதனால எல்லாம் போன்லதான். பாத்திரம் கழுவி, மாமியாருக்கு மாத்திரை குடுத்து, பத்து மணிக்கு மேல ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு கட்டைவிரலாலயே அடிப்பேன், ஒரு எபிசோடுக்கு, சுருக்கமா எபின்னு சொல்வோம், ஆயிரத்து சொச்சம் வார்த்தை. மூணு எபி தாண்டுறதுக்குள்ள "அடுத்த யூடி எப்போ சிஸ்?"னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, யூடின்னா அப்டேட், அடுத்த எபி போடுறது. மொத்தம் ஒரு எண்பது பேர் படிச்சிருந்தா பெருசு, ஆனா அந்த ஒரு வரி இருக்கே, காய்ச்சல்ல கூட என்னை எழுத வெச்சுச்சு.

இருபத்தஞ்சாவது எபி வாக்குல ஒரு நாள் காலையில தண்ணி பாட்டில் மூடியத் திருகுறேன், கட்டைவிரலுக்குக் கீழ மணிக்கட்டு ஓரத்துல சுரீர்னு ஒரு வலி. கட்டைவிரல உள்ளங்கையில மடக்கி, மத்த விரலால அத மூடி, மணிக்கட்ட சுண்டுவிரல் பக்கமா சாய்ச்சுப் பாத்தேன். எத்தனையோ பேருக்கு நான் பண்ணுன அதே டெஸ்ட்தான், எனக்குப் பண்ணப்ப கண்ல தண்ணி வந்துடுச்சு.

டி குவெர்வேன்னு பேரு, 1895ல இதப் பத்தி எழுதுன சுவிஸ் சர்ஜனோட பேர்லயே வழங்குது. கட்டைவிரல விரிக்கிற ரெண்டு தசைநாண் மணிக்கட்டு ஓரத்துல ஒரு குறுகலான உறைக்குள்ள போகும், ஓயாம அதே அசைவு இருந்தா அந்த உறை தடிச்சுப்போய் நாண் நகர்றப்பல்லாம் உரசும். கைக்குழந்தைய தூக்கித் தூக்கி இறக்குற அம்மாக்களுக்கு நெறைய வரும், அதனால நான் இத பிள்ளை பெத்தவங்க வலின்னே நெனச்சுட்டு இருந்தேன்.

சரி, எனக்கு நானே அட்வைஸ் பண்ணிக்கிட்டேன், ரெண்டு வாரம் எழுதாத. எத்தன நாள் தாங்குச்சு தெரியுமா, ஒரே நாள். கதாநாயகி ராத்திரி பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்கிறா, அவள அப்படியே விட்டுட்டு எப்படித் தூங்குறது?

அப்பதான் ஒரு அக்கா ஞாபகம் வந்தாங்க. 2018ல வந்தவங்க, அம்பது வயசு பக்கம் இருக்கும், அச்சு அசலா இதே வலி. என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டா தேங்கா துருவுனேன், துணி பிழிஞ்சேன்னாங்க. கை அசையாம பிடிச்சுக்கிற ஸ்ப்ளின்ட் பட்டை குடுத்தேன், ஐஸ் வெக்க சொன்னேன், வாரம் மூணு சிட்டிங் பாத்தேன், கொறையவே இல்ல. "டாக்டரம்மா, போன் அமுக்குனா கூட இது வருமா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க, நான் "வாட்ஸப்ப கொஞ்சம் கொறைங்கக்கா"ன்னு சிரிச்சுட்டு அடுத்த பேஷன்ட்ட கூப்ட்டேன்.

அவங்க திரும்ப வந்தது 2021ல. இந்தத் தடவ சுண்டுவிரல் மரத்துப்போகுதுன்னாங்க. நான் எடுத்தவுடனே "என்ன எழுதுறீங்க?"ன்னு கேட்டேன். அவங்க வாசலப் பாத்தாங்க, வெளிய வீட்டுக்காரர் உக்காந்திருந்தார். கொரல எறக்கி, "எட்டு நாவல் முடிச்சிருக்கேன், வேற பேர்ல. வீட்ல யாருக்கும் தெரியாது"ன்னாங்க. எட்டு நாவல், அத்தனையும் விளக்க அணைச்சுட்டு, போர்வைக்குள்ள, முழங்கைய மடக்கி போன முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு!

எந்த விரல் மரத்துப்போகுதுன்னு கவனிங்க, அதுலயே பாதி விஷயம் இருக்கு. சுண்டுவிரலும் மோதிரவிரல்ல பாதியும்னா பெரும்பாலும் முழங்கையில நரம்பு இழுபடுது, கை ரொம்ப நேரம் மடங்கியே இருக்கு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, ராத்திரி முழிப்பு வந்து கைய உதறுனா சரியாகுதுன்னா மணிக்கட்டுல நரம்பு நெருக்குது, கூடவே சுகர், தைராய்டும் டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். கட்டைவிரலுக்கு அடியில இருக்குற சதை வத்துனாலோ, கையில இருக்குற பொருள் நழுவுனாலோ, நடை தடுமாறுனாலோ எண்ணெய் தேச்சுக்கிட்டு நாள் கடத்தாதீங்க, உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க.

இதெல்லாம் போன் வந்தப்புறம் வந்த வியாதின்னு நெனச்சா அதுவும் தப்பு. ராமாசினின்னு ஒரு இத்தாலி டாக்டர், 1713லயே எழுத்தர்களுக்கு வர்ற நோயப் பத்தி எழுதியிருக்கார். மூணு காரணம் சொல்றார்: ஓயாம உக்காந்தே இருக்குறது, கை ஒரே மாதிரி அசையுறது, தப்பு வந்துடக்கூடாதேன்னு மனசு இறுகிக் கிடக்குறது. மொத ரெண்டும் எந்த பிசியோவும் சொல்லும். மூணாவது நான் எழுதுனப்பதான் புரிஞ்சுச்சு. ஒரு சண்டை சீன் எழுதிட்டு இருந்தேன், பக்கத்துல படுத்திருந்த என் வீட்டுக்காரர் "யார்கூட சண்டை?"ங்கறார். பாத்தா ரெண்டு தோளும் காதுகிட்ட ஏறிக் கெடக்கு, பல்லக் கடிச்சுட்டு இருக்கேன். இதுக்கு எந்த ஸ்ப்ளின்ட்ட மாட்டுறது?

இப்ப நான் யாரையும் எழுதாதீங்கன்னு சொல்றதில்ல, சொன்னாலும் கேக்கப்போறதில்ல. படுத்துக்கிட்டு அடிக்காதீங்க, போன கண்ணுக்கு நேரா ஒரு ஸ்டாண்டுல வெச்சு சின்ன ப்ளூடூத் கீபோர்டு மாட்டிக்குங்க, எல்லா விரலுக்கும் வேலை பிரியும். முடிஞ்சா தமிழ்99 பழகுங்க, உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்குன்னு பிரிச்சு வெச்ச லேஅவுட் அது. தமிழகம்னு இங்கிலீஷ் எழுத்துல முழுசா அடிச்சா பதினோரு தட்டு, இதுல ஏழு. ஒரு நாவலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. அரைமணிக்கு ஒருக்கா எந்திரிச்சு தோள எறக்கி விடுங்க. எனக்கு வந்த மாதிரி கட்டைவிரல் வலி விடலன்னா எலும்பு டாக்டர் ஊசி போடுவார், நெறைய பேருக்கு அதுலயே அடங்கிடும், ஆபரேஷன் வரைக்கும் போறவங்க கொஞ்சம் பேர்தான்.

அந்த அக்காவுக்கு வாய்ஸ் டைப்பிங் பழகிக்குடுத்தேன், சொன்னா அதுவே எழுதிக்கும்னு. பத்து நாள் கழிச்சு வந்தாங்க, விரல் கொஞ்சம் பரவால்லயாம், ஆனா வேற சிக்கல். "லவ் சீன எப்படி டாக்டரம்மா வீட்ல வாய்விட்டு சொல்றது?"ன்னாங்க. இப்ப தெனமும் சாயங்காலம் துணி எடுக்கப் போறேன்னு மொட்டைமாடிக்குப் போயிடறாங்களாம், தண்ணி டேங்க் மறைவுல நின்னு சொல்லிட்டு வர்றாங்க. துணி காயுற நாள்ல ரெண்டு எபி, மழைன்னா யூடி கிடையாது.