பானெட்டைத் தொட்டுப் பாருங்க, மீட்டரை அப்புறம் பாக்கலாம்

பழைய கார் ஒண்ணு வாங்கலாம்னு பாத்துட்டு இருந்தோம், காலையில பத்து மணிக்கு வரோம்னு சொல்லி வெச்சிருந்தோம், கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் ஒரு வீடு, நாங்க போனப்ப வண்டி வாசல்ல தயாரா நிக்குது, நல்லா கழுவி, டேஷ்போர்டுக்கு பாலிஷ் போட்டு, உள்ள மல்லிகை வாசனை செண்ட் வேற. எனக்கு அங்கயே மனசு சாஞ்சிடுச்சு. கூட வந்த மெக்கானிக் அண்ணன் வண்டியை சுத்திக்கூட வரல, நேரா போய் பானெட் மேல உள்ளங்கையை வெச்சாரு, காய்ச்சல் அடிக்கிற குழந்தைக்கு நெத்தியில கை வெப்போமே அந்த மாதிரி.

"காலையில எங்கயாவது போய்ட்டு வந்தீங்களாங்க?"

"இல்லைங்க, நேத்து சாயந்தரத்துல இருந்து இங்கதான் நிக்குது."

"தம்பி, நீ கை வெச்சுப் பாரு"ன்னாரு என்கிட்ட. வெச்சேன். வேப்பமர நிழல்ல நிக்கிற வண்டி, வெயில் இன்னும் அந்தப் பக்கமே வரல, ஆனா பானெட் கதகதன்னு இருக்கு.

வண்டியை கழுவ நகர்த்தி இருப்பாரோன்னு நான் நெனச்சேன், இருக்கலாம், எல்லாரையும் திருடன்னு சொல்லக்கூடாது. ஆனா நகர்த்துறதுக்கு ஒரு நிமிஷம் போதும், பானெட் கதகதன்னு ஆக பத்து பதினஞ்சு நிமிஷமாவது இஞ்சின் ஓடணும். சூடான இஞ்சின் நிறைய விஷயத்தை மறைச்சிடும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ஆயில் எல்லாம் கீழ சம்ப்புக்கு இறங்கிடும், வால்வு சீல் காய்ஞ்சு போயிருந்தா கொஞ்சம் ஆயில் சிலிண்டருக்குள்ள கசிஞ்சு நிக்கும், காலையில முதல் ஸ்டார்ட்ல அது எரிஞ்சு நீலமா ஒரு புகை குப்புன்னு வந்துட்டு நின்னுடும். டைமிங் செயின் தளர்ந்திருந்தா ஆயில் பிரஷர் ஏறுற வரைக்கும் சில நொடி கடகடன்னு சத்தம் வரும். பேட்டரி செத்துட்டு இருந்தா அதுவும் அப்பதான் காட்டிக்குடுக்கும். இதெல்லாம் அந்த முதல் பத்து நொடி கச்சேரி, ஒருதடவை சூடாயிடுச்சுன்னா அன்னைக்கு பூரா பாக்க முடியாது.

அன்னைக்கு வர்ற வழியில அண்ணன் சொன்னதை வெச்சும், அப்புறம் நானே படிச்சுத் தெரிஞ்சிக்கிட்டதை வெச்சும் யோசிச்சா, பழைய வண்டி வாங்குறதுன்னா அது இத்தனை வருஷம் சூட்டை எப்படி சமாளிச்சுதுன்னு கண்டுபுடிக்கிற வேலைதான். அதுவும் நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் இது ரொம்ப முக்கியம், ஏன்னா இங்க தண்ணி ஒரு மாதிரி, ரோடு ஒரு மாதிரி.

முதல்ல தண்ணி. நீங்க போடுற பெட்ரோல்ல இருக்கிற சக்தியில தோராயமா மூணுல ஒரு பங்குதான் இஞ்சினை சுத்துற வேலையா மாறுது, இன்னொரு பங்கு சைலன்சர் வழியா போயிடுது, மிச்சம் இருக்கிற பங்கு இஞ்சின் உடம்பிலயே சூடா நிக்குது, அதைத்தான் கூலண்ட்ங்கிற குளிர்விக்கிற தண்ணி எடுத்துட்டுப் போய் ரேடியேட்டர்ல கொட்டுது. நடுவுல தெர்மோஸ்டாட்னு ஒரு குட்டி வால்வு, உள்ள மெழுகு இருக்கும், 85 டிகிரி பக்கம் வந்ததும் மெழுகு உருகி விரிஞ்சு வால்வைத் தள்ளித் திறக்கும், அதுவரைக்கும் தண்ணி இஞ்சினுக்குள்ளயே சுத்தி சீக்கிரம் சூடாகட்டும்னு. கரண்ட் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல, வெறும் மெழுகு. எனக்கு காருக்குள்ள ரொம்ப புடிச்ச பொருள் இதுதான்.

இதுல நம்ம ஆளுங்க பண்ற வேலை என்னன்னா கூலண்ட் கொறைஞ்சா போர் தண்ணியை புடிச்சு ஊத்துறது. நம்ம ஊர் போர் தண்ணியில கீசர் காயில் என்ன கதி ஆகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கும். தண்ணியில கரைஞ்சிருக்கிற கால்சியம் பைகார்பனேட் சூடானா கால்சியம் கார்பனேட்டா மாறும், அது தண்ணியில கரையாது, எங்க சூடு அதிகமோ அங்கயே போய் படியும். சர்க்கரை சூட்டுல நல்லா கரையும், இது தலைகீழ். இஞ்சினுக்குள்ள சூடு எங்க அதிகம்? சிலிண்டரைச் சுத்தியும், அதுக்கு மேல மூடி மாதிரி இருக்கிற ஹெட்டுக்குள்ளயும். அங்கதான் போய் கம்பளி போத்துன மாதிரி படிஞ்சு உக்காரும். அந்தப் படிவு அலுமினியத்தை விட நூறு மடங்கு மோசமா சூட்டைக் கடத்தும், அதனால அரை மில்லிமீட்டர் படிஞ்சாலே போதும். (நம்ம மாவட்டத்துக்குப் பேர் வாங்கிக் குடுத்த ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும்தான் கெடுக்கும், அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே 2013ல வந்துச்சு, ரேடியேட்டர் விஷயத்துல வில்லன் கால்சியம்.)

அப்புறம் என்ன ஆகும், வண்டி ஹீட் ஆகும், லோக்கல்ல காட்டுவாங்க, நிறைய இடத்துல வைத்தியம் என்னன்னா தெர்மோஸ்டாட்டை கழட்டித் தூக்கிப் போட்டுடுறது. இப்ப டெம்பரேச்சர் முள்ளு ஏறாது, கஸ்டமர் சந்தோஷம். ஆனா இஞ்சின் எப்பவும் குளிர்ல ஓடும், பெட்ரோல் கூட குடிக்கும், ஆயில் சரியா சூடாகாம தேய்மானம் ஏறும். இதைக் கண்டுபுடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டருக்கு மேல போற தடி ஹோஸ்ல கை வெச்சுட்டே இருங்க, ஃபேன் பக்கம் கை போகாம. பெரும்பாலான வண்டியில தெர்மோஸ்டாட் ஒழுங்கா இருந்தா அது ரொம்ப நேரம் சில்லுன்னே இருக்கும், அப்புறம் திடீர்னு சுடும். ஆரம்பத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுன்னு ஏறிட்டே வந்துச்சுன்னா உள்ள வால்வு இல்ல, இல்லன்னா திறந்தபடியே மாட்டிக்கிச்சு.

நாங்க பாத்த அந்த வண்டியில ஹோஸ் டெஸ்ட் பண்ண முடியல, ஏற்கனவே சூடாச்சே. ஆனா கூலண்ட் டப்பாவைப் பாத்தோம். பச்சையோ சிவப்போ ரோஸோ இருக்க வேண்டிய இடத்துல ஏரித் தண்ணி கலர்ல ஏதோ இருந்துச்சு, அண்ணன் ஒரு குச்சியை விட்டு எடுத்தாரு, நுனியில துருவும் வெள்ளைப் பொடியுமா கலந்த சேறு. வேற ஒண்ணும் பேசல, "யோசிச்சுட்டு சொல்றோங்க"ன்னு கெளம்பிட்டோம்.

கேஸ்கெட் போயிருக்கான்னு பாக்கவும் இதே இடம்தான். ஹெட்டு அலுமினியம், கீழ பிளாக் நிறைய வண்டியில இரும்பு, ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், ஒருதடவை பலமா ஹீட் ஆனா ஹெட்டு வளைஞ்சு நடுவுல இருக்கிற கேஸ்கெட் பிச்சுக்கும், எரிஞ்ச கேஸ் கூலண்டுக்குள்ள வந்து முட்டை முட்டையா குமிழி விடும். ஆயில் மூடியைத் திறந்தா உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெளுப்பா இருந்தாலும் சந்தேகப்படணும். ரேடியேட்டர் மூடியை மட்டும் குளிர்ந்த வண்டியில தான் திறக்கணும், பிரஷர் மூடி இருக்கிறதால உள்ள தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம அடங்கி நிக்கும், திறந்த அந்த நொடியில மூஞ்சில அடிக்கும்.

அடுத்தது மீட்டர். ஓசூர்லயும் கிருஷ்ணகிரியிலயும் பாதி வண்டி பெங்களூர்ல இருந்து வர்றதுதான், கேஏ நம்பர், "40 ஆயிரம்தான் சார் ஓடிருக்கு"ன்னு சொல்லுவாங்க. மீட்டரை திருப்பாமலே அது உண்மையாக்கூட இருக்கலாம், ஆனா மீட்டர் கிலோமீட்டரைத்தான் எண்ணுது, மணி நேரத்தை எண்ணல. பெங்களூர் டிராஃபிக்ல சராசரி மணிக்கு 20 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம், 40 ஆயிரம் கிலோமீட்டருக்கு இஞ்சின் 2,000 மணி நேரம் ஓடியிருக்கு. சேலம் தருமபுரின்னு ஹைவேயில மணிக்கு 60ல போய்ட்டு வர்ற ஒருத்தர் வண்டி அதே 2,000 மணி நேரத்துல 1,20,000 கிலோமீட்டர் காட்டும். இஞ்சினுக்கு ரெண்டும் ஒரே வயசு, இன்னும் சொல்லப்போனா சிக்னல்ல காத்து இல்லாம வெந்துட்டு நின்ன வண்டிதான் மோசம், கிளட்ச் வேற தேய்ஞ்சிருக்கும். அதனால லட்சம் தாண்டுன வண்டின்னாலே பயந்து ஓடிடாதீங்க. சில வண்டியில கார் கம்ப்யூட்டர்ல சராசரி வேகம் இருக்கும், அதைப் பாத்தா கதை தெரியும், இல்லன்னா பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், டிரைவர் சீட் ஓரம் பாருங்க.

இப்ப ரோடு. தருமபுரியில இருந்து சேலம் போற யாருக்கும் தொப்பூர் கணவாயைப் பத்தி சொல்லவே வேணாம், ரெட்டைப் பாலம்னு சொன்னாலே வயித்துல புளி கரைக்கும். அந்த இறக்கத்துல வண்டி என்ன பண்ணுதுன்னு ஒரு கணக்கு போடுவோம். வண்டி, அஞ்சு பேர், மூட்டை முடிச்சு எல்லாம் சேத்து 1,300 கிலோ. ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் அந்த எடை வெளிய விடுற சக்தி சுமார் 12.7 லட்சம் ஜூல், அதாவது நாலு லிட்டர் பச்சைத் தண்ணியை கொதிக்க வைக்கிற சூடு. பிரேக்லயே காலை வெச்சுட்டு இறங்கினா அது மொத்தமும் நாலு சக்கரத்துல இருக்கிற டிஸ்க், டிரம் மேலதான் விழும்.

பிரேக் ஆயில் இருக்கே, அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிட்டே இருக்கும், டப்பா மூடியே இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியா வருஷக் கணக்குல ஏறும். டாட் 4 வகை புதுசா இருக்கும்போது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிட்டா 155 டிகிரியிலயே கொதிக்கலாம். கொதிச்சா உள்ள ஆவிக் குமிழி வரும், திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம், அதனால நீங்க பெடலை மிதிச்சா குமிழிதான் சுருங்கும், பிரேக் புடிக்காது, பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போயிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும்னு சொல்றது இதுக்குத்தான், நம்ம ஊர்ல வண்டி வித்து மூணு கை மாறுனாலும் பிரேக் ஆயில் மாறாது.

இதுக்கு மேல நியூட்ரல்ல இறங்குற புத்திசாலிங்க. டீசல் மிச்சம்னு நெனப்பு. இப்ப வர்ற வண்டியில கியர்ல இருந்துகிட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா எண்ணெய் விடுறதையே கம்ப்யூட்டர் நிறுத்திடும், சக்கரம்தான் இஞ்சினை சுத்தும், நியூட்ரல்ல போட்டா இஞ்சின் அணையாம இருக்க எண்ணெய் குடிக்கும். ஆக மிச்சமும் இல்ல, இஞ்சின் புடிச்சு நிறுத்துற பலமும் போச்சு. ஏறுன கியர்லயே இறங்குன்னு பெரியவங்க சொன்னது சரிதான்.

டயரைப் பத்தி ரெண்டு வரி. பக்கச் சுவர்ல ஒரு முட்டை வடிவக் கட்டத்துல நாலு எண் இருக்கும், 3219ன்னா 2019ல 32வது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வருஷம் ஆச்சுன்னா ரப்பர் இறுகிடும், மே மாச வெயில்ல ஹைவேயில அதை நம்பாதீங்க. இன்னொரு லாபம், 25 ஆயிரம்தான் ஓடிருக்குன்னு சொல்ற 2017 வண்டியில நாலு டயரும் 2022ன்னா, முதல் செட்டு எங்க போச்சுன்னு கேக்கலாம்.

வெள்ளத்துல மாட்டுன வண்டியும் இந்தப் பக்கம் வரும், 2015லயும் 2023லயும் சென்னையில எத்தனை வண்டி முங்குச்சு. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில சேத்துக்கோடு இருந்தா அவ்வளவுதான், பெல்ட்டை யாரும் கழுவ மாட்டாங்க.

எங்களுக்கு அம்மா முட்டி வலி பெரிய விஷயம். தாழ்ந்த சீட்ல இருந்து எந்திரிக்கணும்னா தொடை மடிஞ்சு மொத்த பாரமும் முட்டியில விழுது, சீட்டு இடுப்பு உயரத்துக்கு இருந்தா உக்காந்தபடியே நகந்து எறங்கிடலாம், அதனால வேகன்ஆர் மாதிரி உயரமான சின்ன வண்டிதான்னு முடிவு பண்ணிட்டோம், என் மச்சான் செடான் செடான்னு சொல்லிட்டே இருந்தான். வருஷம் 2019 ஜூலைக்கு அப்புறம்னு வெச்சுக்கிட்டோம், அந்த வருஷம் ஏப்ரல்ல ஏபிஎஸ்ஸும் ஜூலையில டிரைவர் ஏர்பேகும் எல்லா காருக்கும் கட்டாயம் ஆச்சு. டீசல் வேணாம்னு விட்டதுக்கும் சூடுதான் காரணம். புதுப் புகை விதிப்படி வர்ற பிஎஸ்6 டீசல்ல புகைக்கரியைப் புடிச்சு வைக்கிற ஃபில்டர் இருக்கும், அது தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்க கிட்டத்தட்ட 600 டிகிரி வேணும், ஸ்கூல், மார்க்கெட், பஸ் ஸ்டாண்டுன்னு டவுனுக்குள்ளயே ஓட்டுனா அந்தச் சூடே வராது, அடைச்சிக்கும்.

பேப்பர் வேலை தனி தலைவலி. கேஏ வண்டின்னா அங்க இருந்து ஃபார்ம் 28 என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று வாங்கணும், இங்க ரோடு டாக்ஸ் கட்டி நம்பர் மாத்தணும், அந்தச் செலவையும் சேத்து விலை பேசுங்க. லோன்ல இருந்த வண்டியா இருந்தா, கடன் முடிஞ்சதுன்னு காட்டுற ஃபார்ம் 35 இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள பேர் மாத்த எழுதிக் குடுத்துடணும்.

கடைசியா பாலக்கோட்டுல ஒரு வண்டி பாத்தோம், டிஎன் 29 நம்பர், 78 ஆயிரம் ஓடுனது, செண்ட் எல்லாம் இல்ல, பின் சீட்ல மாங்கா வாசனை. பானெட் மண்பானை மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. முதல் ஸ்டார்ட்ல புகை இல்ல, ஹோஸ் நெடுநேரம் சில்லுன்னு இருந்து பட்டுனு சுட்டுச்சு, கூலண்ட் பச்சை. ஓனர் சம்மதத்தோட நாலு பேர் ஏறி ஏசி போட்டு கிருஷ்ணகிரி வந்து, சூளகிரி தாண்டி ஓசூர் மேடு வரைக்கும் ஏத்திப் பாத்தோம், அண்ணன் ஸ்கேனரை செருகி டெம்பரேச்சரையே பாத்துட்டு வந்தாரு, 90 பக்கத்துலயே நின்னுச்சு. டயர் நாலும் 2019, அதைச் சொல்லி விலை கொறைச்சு வாங்கினோம். பிரேக் ஆயிலை எறக்குனப்ப கடுங்காப்பி கலர்ல வந்துச்சு.

போன வாரம் ஒரு பங்க்ல பையன் ஒருத்தன் தண்ணி கேனைத் தூக்கிட்டு வந்து "ரேடியேட்டருக்கு ஊத்தட்டுமாண்ணா"ன்னான். கண்ணாடியை மட்டும் தொடைச்சு விடுப்பான்னேன்.